நெல்லை எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸின் இலவசத் தொழில் வழிகாட்டல்: எதற்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம்

பலகையில் 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று எழுதியிருக்கும். பெருமாள்புரம் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்கார அண்ணாச்சி யோசிப்பார். 'எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்' என்றால் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பெயரின் முதல் பாதியான வேலைவாய்ப்புப் பதிவு எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாம் பாதியான வழிகாட்டல் அங்கே இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்குக் கட்டணம் கிடையாது. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் வீட்டு நிலவரத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால், இந்த மாவட்டத்தில் காசு கொடுத்து வாங்கும் எந்தக் 'கேரியர் கவுன்சலிங்'கையும் விட இது உருப்படியான சேவை. வெறுங்கையோடு போய் "எனக்கு என்ன சோலி கெடைக்கும்?" என்று கேட்டால், வேலைவாய்ப்பு முகாம் நோட்டீஸ் ஒன்றோடு திரும்பி வருவீர்கள். அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே நிற்பவர் களக்காட்டில் இருந்து வருகிறாரா கொக்கிரகுளத்தில் இருந்து வருகிறாரா, வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் உண்டா, இரவு ஷிப்ட் போக முடியுமா என்பதெல்லாம் மதிப்பெண் பட்டியலில் இருக்காது. சொன்னால்தான் தெரியும்.

அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் தூரத்தை எழுதுங்கள். கிலோமீட்டரில் வேண்டாம், பஸ் நேரத்தில் எழுதுங்கள். காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நடுவில் வண்ணாரப்பேட்டையிலோ ஜங்ஷனிலோ இறங்கி மாற வேண்டுமா? பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அரசின் 'விடியல் பயணம்' திட்டத்தின் இலவசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். புறநகர் பஸ்ஸில் ஏறினால் முழு டிக்கெட். ஒரே ஊருக்கு இரண்டும் ஓடும். டவுன் பஸ் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போகும், புறநகர் பஸ் நேரே போகும். பயிற்சி ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது, டவுன் பஸ் ஒன்பதே காலுக்குத்தான் கொண்டு சேர்க்கும் என்றால், அந்தக் கால் மணி நேரத்துக்காக மாதம் முழுக்க டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். செங்கோட்டைப் பாதையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் இருப்பவர்களுக்கும், திருச்செந்தூர்ப் பாதையில் இருப்பவர்களுக்கும் ரயில் சீசன் டிக்கெட் உண்டு. பஸ்ஸோடு ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். வண்டிகள் குறைவு என்பதால் அந்த நேரம் வகுப்பு நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது துட்டு. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை விட, சம்பாத்தியம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது முக்கியம். மூன்று மாதமா, ஒரு வருடமா? இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி வழிகளை அடித்துவிடலாம். மூன்று மாதம்தான் முடியும் என்பவர் இரண்டு வருடப் படிப்பைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு மாதப் பயிற்சி, உதவித்தொகையோடு கூடிய அப்ரண்டிஸ், மாலை நேரப் படிப்பு என்று கேள்வியையே மாற்றிவிடலாம்.

மூன்றாவது, யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எந்த மணிக்கு. "பிள்ளைகள் இருக்கு" என்று எழுதினால் போதாது. "சாயங்காலம் நாலரைக்கு வீட்டில் இருக்கணும், ஞாயிறு மட்டும் அம்மா வந்து பார்த்துக்கிடுவா" என்று எழுதினால், கேட்பவருக்கு எதை ஒதுக்க வேண்டும் என்று தெரியும்.

நான்காவது சான்றிதழ்கள். வழியெல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் ஆள் தடுக்கி விழுவது இங்கேதான். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகியவை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கக்கூடியவை. வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்தில் காலாவதியாகும். தமிழ்வழியில் படித்த சான்றிதழ்தான் சிக்கல். அரசுப் பணியில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய படிப்பு வரைக்கும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆக, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று படித்த ஒவ்வொரு இடத்திலும் தலைமை ஆசிரியரிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஊரில் அந்த ஐந்தாம் வகுப்புப் பள்ளிக்கூடம் இப்போது மூடிக் கிடக்கிறது என்றால் பதிவேட்டைத் தேடிக் கல்வித்துறை அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். தேர்வில் வென்றபிறகு, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது இதைத் தொடங்கினால் நடக்காது. பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் அன்றே தொடங்குங்கள்.

இனி மையத்தின் உள்ளே என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

பதிவு, புதுப்பித்தல், கூடுதல் கல்வித் தகுதி சேர்த்தல் எல்லாம் வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே முடிந்துவிடும். அதற்காக நேரில் போக வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பதிந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம் தவறினால் அடுத்த இரண்டு மாதம் சலுகைக் காலம். அதுவும் போனால் பதிவு மூப்பு போச்சு. எப்போதாவது அரசு சிறப்புச் சலுகை அறிவித்துப் பழைய பதிவுகளை உயிர்ப்பிக்கும், அதை நம்பி இருக்க முடியாது. பதிவு அட்டையில் உள்ள கைபேசி எண் பழையதாக இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். கல்யாணமாகி வேறு மாவட்டம் போன பெண்கள் பலருடைய பதிவில் பழைய எண்தான் கிடக்கிறது, அழைப்பு வந்தாலும் யாருக்கோதான் மணியடிக்கும்.

பதிவை மட்டும் நம்பி உட்காரலாமா? கூடாது. அரசு வேலைகளில் பெரும்பங்கு டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வாணையம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகியவற்றின் தேர்வுகள் வழியாகத்தான் நிரப்பப்படுகிறது. மூப்புப் பட்டியல் வழியாக ஆள் கேட்பது சில வகைப் பணிகளுக்கு மட்டும். முன்னுரிமைப் பிரிவில் வருகிறவர்கள், அதாவது ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் போன்றவர்கள், அதற்குரிய சான்றைப் பதிவில் ஏற்றியிருக்கிறார்களா என்று நேரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முதுகலை, பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பதிவுகள் தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரையிலுள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கீழ் வரும். பி.இ. முடித்துவிட்டுப் பெருமாள்புரத்தில் போய் மூப்பு கேட்டால் கிடைக்காது.

வேலையில்லாதோர் உதவித்தொகை பற்றி நிறையப் பேருக்குப் பாதித் தகவல்தான் தெரிகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பதிந்து ஐந்து ஆண்டு முடிந்து பதிவு உயிரோடு இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45க்குள். மூன்று ஆண்டு வரைக்கும், காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவருக்குக் கிடையாது, தொலைநிலையில் படிப்பவருக்குத் தடையில்லை. தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கும் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், பதிந்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டு வரை வரும். வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க மறந்தால் நின்றுபோகும். பட்டதாரிக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 21,600 ரூபாய். வாழ்க்கை நடத்தப் போதாது. தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் போதும், அந்த அளவில் இது நல்ல உதவி.

மையத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நாங்கள் மதிப்பிடுவது தன்னார்வப் பயிலும் வட்டம். போட்டித் தேர்வுக்கான புத்தகங்கள், அறிவிப்பு வரும்போது இலவச வகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் அங்கே உண்டு. துறையின் மெய்நிகர் கற்றல் தளத்தில் பாடக் குறிப்புகளும் காணொளிகளும் கிடைக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். வகுப்பு வார நாளில் பகலில் நடக்கும்; கூலி வேலைக்குப் போகிறவருக்கு எட்டாது. மாதிரித் தேர்வுக்கு மட்டும் வந்துபோவது அவர்களுக்குச் சரியான வழி. தனியாக வீட்டில் படிப்பவருக்கு அறிவு குறைவதில்லை, நேரக் கட்டுப்பாடுதான் குறைகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு என்றால் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. அதில் நூறு தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று பள்ளிப் புத்தகத்தைத் தொடாமல் நடப்பு நிகழ்வுகளையே புரட்டுகிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான தமிழ்ப் புத்தகத்தை இலக்கணத்தோடு வரி விடாமல் படிப்பதுதான் முதல் வேலை.

தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் மாதாமாதம் வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவில் நடக்கும்; அவ்வப்போது கல்லூரி வளாகங்களில் பெரிய முகாமும் போடுவார்கள். அரசின் தனியார் வேலை இணையதளத்தில் எந்தெந்த நிறுவனம் வருகிறது என்று முந்தியே பார்த்துக்கொள்ளலாம். முகாமில் சொல்லும் சம்பளம் பெரும்பாலும் பிடித்தம் போகாத முழுத் தொகை. நான்கு கேள்வி கேளுங்கள்: கையில் எவ்வளவு வரும், வேலை நிறுவனத்தின் பெயரிலா காண்ட்ராக்டர் பெயரிலா, ஷிப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், வண்டி எந்த ஊர் வரைக்கும் வரும். கங்கைகொண்டான் சிப்காட்டில் இப்போது சூரிய மின்தகடு ஆலை வந்து பெண்களுக்குப் பெருமளவில் வேலை கிடைக்கிறது. அந்த மாதிரி இடத்துக்குக் கடைசிக் கேள்விதான் உயிர். ஆலை வண்டி தாழையூத்து வரைக்கும் வந்தால் தச்சநல்லூர்க்காரிக்கு வசதி, முக்கூடல்காரிக்கு அந்த வேலை இல்லாததற்குச் சமம். ஷிப்ட் கேள்வியும் லேசானதில்லை. வாராவாரம் மாறும் ஷிப்டில் சேர்ந்துவிட்டு மாலை நேரக் கல்லூரியில் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு வாரமாவது வகுப்புக்குப் போக முடியாது, வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போகும்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு. ஒன்று, இங்கே வேலைவாய்ப்பு, மாவட்டத் தொழில் மையம், தொழிற்பயிற்சி நிலையம், மகளிர் திட்டம் எல்லாம் தனித்தனிக் கதவுகள். ஒரு கதவில் நின்று இன்னொன்றைப் பற்றிக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இரண்டு, பேச்சு படிப்பிலிருந்து தொடங்குகிறது. "என்ன படிச்சிருக்கீங்க?" என்பது முதல் கேள்வியாக இருந்தால், பத்தாம் வகுப்போடு நின்று இருபது வருடம் கை வேலை செய்தவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தாளில் செய்த வேலைகளையும் எழுதுங்கள். தறி ஓட்டியது, பத்தமடையில் பாய் நெய்தது, வாழைத் தோட்டத்தில் கணக்கு எழுதியது எல்லாம் அனுபவம்தான். தொழில் கடனுக்குப் போனால் வங்கி மேலாளர் அதைக் கேட்பார்.

ஒரு மாதிரி ஆளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீரவநல்லூர்ப் பக்கம் 28 வயதுப் பெண், பிளஸ் டூ தேறியவர், எட்டு வருடமாகப் பீடி சுற்றுகிறார், பி.எஃப். பிடிக்கிறார்கள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறவர். மழை மாதத்தில் அவருக்குச் சோலி இருக்காது.

பெரும்பாலோர் இவருக்கு முதலில் சொல்வது "பீடியை விட்டுட்டு வேற ஏதாவது பாரு." அங்கேயே ஒரு தப்பு நடக்கும். பி.எஃப்.போடு சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். எட்டு ஆண்டில் விலகிப் பணத்தை எடுத்துவிட்டால் 58 வயதில் வரவேண்டிய மாதத் தொகை இல்லாமல் போகும். ஆகவே, கொஞ்சமாகவாவது சுற்றி இன்னும் இரண்டு ஆண்டு கணக்கை ஓட்டலாம். அல்லது பி.எஃப். உள்ள வேறு வேலைக்குப் போய், அதே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுத்து, பழைய பணிக்காலத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் அவசரத்துக்குப் பணத்தை எடுப்பதுதான் நஷ்டம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை கையில் இருக்கும்வரை பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கேட்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவருக்கு முன்னால் உண்மையில் இருக்கும் வழிகள் நான்கு. பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் ஓராண்டுக் கணினிப் பயிற்சி ஒன்று. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. ஆண்களுக்கு 40. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, காலணி எல்லாம் உண்டு. பேட்டைக்கு ரயில் நிலையமும் இருப்பதால் செங்கோட்டை பாசஞ்சர் நேரம் ஒத்துவந்தால் அலைச்சல் குறைவு. ஆனால் பகல் முழுக்கப் போய்விடும், பீடிக் கூலி பாதியாகும். இலை வெட்டுவதும் சுற்றுவதும் ராத்திரிக்குத் தள்ளப்பட்டால் இரண்டாம் மாதத்தில் உடம்பு கேட்காது. மழை மாதத்தில் வீட்டுக்காரருக்கும் வருமானம் இல்லை என்பதால், ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் கையிருப்பு வைத்துக்கொண்டு ஆடி மாதம் வகுப்பில் சேர்வதுதான் இதில் சரியான திட்டம். சேர்க்கை மே, ஜூனில் தொடங்கும். கலந்தாய்வுக்குப் பிறகு மிச்சமிருக்கும் இடங்களுக்கு நேரடிச் சேர்க்கையும் நடக்கும்.

அடுத்தது அங்கன்வாடிப் பணி. பிளஸ் டூ தேர்ச்சி, 25 முதல் 35 வயது, அந்த ஊரிலோ பக்கத்திலோ குடியிருக்க வேண்டும் என்ற விதிகள் இவருக்கு அப்படியே பொருந்துகின்றன. பஸ் செலவில்லை, பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு அம்மாவும் வந்துவிடுவார். காலியிடம் எப்போது வரும் என்பதுதான் தெரியாது. இதைத் திட்டமாக வைக்க முடியாது, வந்தால் விடக்கூடாத வாய்ப்பாக வைக்கலாம். இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் கையில் தயாராக இருந்தால் போதும்.

மூன்றாவது குரூப் 4. தினம் இரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைக்குமானால் முயலலாம். தேர்வாணையம் அடுத்த ஆண்டுக்கான தேர்வுக் கால அட்டவணையை முந்தியே வெளியிடுவதால் எத்தனை மாதம் கையில் இருக்கிறது என்று தெரியும். இதில் எழுதி வைக்க வேண்டியது, எத்தனை முறை எழுதுவோம் என்ற எண். இரண்டு தேர்வு என்றால் இரண்டு. இரண்டாம் முடிவு வந்தபிறகு அடுத்த வழி. இந்த எல்லை இல்லாமல் வாசக சாலையில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் பாளையங்கோட்டையில் ஏராளம். அவர்களுடைய உழைப்பில் குறை கிடையாது, யாரும் அவர்களிடம் ஒரு தேதி கேட்கவில்லை.

நான்காவது சொந்தத் தொழில். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல், உணவுப் பொருள் தயாரிப்பு போன்றவற்றுக்குச் சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி உண்டு. அதன் பிறகு பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கடன் கேட்கலாம். கிராமப்புறப் பெண்ணுக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பங்கு ஐந்து சதவீதம். பத்து லட்ச ரூபாய் உற்பத்தித் தொழில் என்றால் கையிலிருந்து 50,000, வங்கிக் கடன் ஒன்பதரை லட்சம், மானியம் மூன்றரை லட்சம். இந்த மூன்றரை லட்சம் கையில் வரும் என்று நினைத்துக்கொண்டு வட்டிக்கு வாங்கி முன்பணம் கொடுப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. மானியம் வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக இருக்கும், தொழில் நடக்கிறது என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். ஏற்கனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது, புதிதாகத் தொடங்குவதற்குத்தான். பீடி சார்ந்த தொழிலுக்கும் கிடையாது, அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நம்ம பக்கத்தில் நிறையப் பேர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இந்த நான்கையும் அந்தத் தாளோடு வைத்துப் பார்த்தால் இவருக்கு எங்கள் பரிந்துரை: பி.எஃப். கணக்கு பத்தாண்டு எட்டும்வரை குறைந்த அளவில் பீடி, அந்த இரண்டு ஆண்டில் குரூப் 4க்கு ஒரு முயற்சி, அங்கன்வாடி அறிவிப்பு வந்தால் உடனே விண்ணப்பம், பிறகு பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஐ.டி.ஐ. இதே பெண் மேலப்பாளையத்தில் இருந்திருந்தால் பேட்டை பக்கம் என்பதால் ஐ.டி.ஐ. முதலில் வந்திருக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். ஒரே ஒரு விஷயம்: பிளஸ் ஒன், டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்று எதை எடுத்தாலும் பின்னால் மாறும் பாலங்கள் இருக்கின்றன. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. வீட்டில் உடனே சம்பாத்தியம் தேவைப்படும் பையனுக்கு எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற இரண்டாண்டுப் பிரிவு நல்லது. வெல்டர் ஓராண்டுதான். காற்றாலைக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கும் நடுவில் இருக்கும் நம்ம மாவட்டத்தில் அந்தப் பிரிவுகளுக்கு அப்ரண்டிஸ் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும், தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருப்பதால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு 'நல்ல கோச்சிங்' என்று தனியார் பள்ளிக்கு மாற்றும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனியார் வழிகாட்டும் நிலையங்களைப் பெயர் சொல்லி ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. வகைகளைச் சொல்லலாம். கைரேகை வைத்து மூளைத்திறன் சொல்லும் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள், அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. விரல் நுனியில் படிப்பு எழுதியிருக்காது. ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஹாலந்து முறைக் கேள்வித்தாள் மதிப்புள்ளது. அது உங்களுக்கு எது பிடிக்கும் என்று காட்டும், எந்த பஸ்ஸில் போவீர்கள் என்று காட்டாது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' தரும் பயிற்சி நிலையங்களிடம் கடைசி இரண்டு பேட்சில் படித்தவர்கள் யார் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று பட்டியல் கேளுங்கள், இரண்டு பேரிடமாவது பேசுங்கள். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள், நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்கின்றன. அதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் வாதாட வசதி. மூலச் சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் எவரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது.

தொலைநிலைப் பட்டம் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அதன் தளத்திலேயே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் பெரியது என்பதால் எல்லாப் பாடத்துக்கும் அனுமதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பத்து, பிளஸ் டூ முறையாக முடிக்காமல் நேரடியாக வாங்கிய திறந்தநிலைப் பட்டம் டி.என்.பி.எஸ்.சி.க்குச் செல்லாது.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள் மையத்திலிருந்து நேராகத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத் தளத்தைப் பார்ப்பது நல்லது. தனி ஏஜென்ட் என்றால் அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் என்பதுதான் உச்ச வரம்பு, ஆக மொத்தம் 35,400. லட்சக்கணக்கில் கேட்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், எந்தப் பள்ளிவாசல் கமிட்டியில் அல்லது கோயில் கமிட்டியில் இருந்தாலும், விதியை மீறுகிறார். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அப்படியானவர் சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பக் கூடாது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பத்து லட்ச ரூபாய் பிரவாசி காப்பீடு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான், அதை எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

மையத்துக்குப் போகும் காலம் பற்றி: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவு வந்த மே, ஜூன் மாதங்களிலும் குரூப் 4 அறிவிப்பு வந்த வாரத்திலும் கூட்டம் நெரியும், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. வழிகாட்டலுக்கு மட்டும் போகிறவர்கள் புரட்டாசியிலோ தை முடிந்தோ, வார நாளில் பகல் பதினோரு மணிவாக்கில் போவது தோது. முகாம் நடக்கும் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கவும். பதிவு அட்டை நகல், மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, இவற்றோடு அந்தத் தாள். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால் ஆலங்குளம், கடையம், சங்கரன்கோவில் பக்கத்தவர்கள் நெல்லைக்கு வர வேண்டியதில்லை, தென்காசியிலேயே மையம் உண்டு.